மூன்றாம் அறையில் யாரும் இல்லை

அத்தியாயம் 6

"இந்த ஒப்புதல் கடிதத்துல கையெழுத்துப் போடும்மா. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரமா உக்காந்திருக்க. உன்னை என்ன கதையா எழுதச் சொன்னேன்?"

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மேசைக்கு இந்தப் பக்கம் கதவுக் காவல் பார்க்கும் பெண்மணி. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதனால் கிடங்கில் எல்லோருக்கும் அவர் விசிலம்மா.

விசிலம்மா பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"நான் பாக்கும்போது ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்ல சார். மேல நுழைவு எண்ணுனு எழுதியிருந்துச்சு. கீழ வெள்ளையா இருந்துச்சு. வெள்ளையா இருந்தா மூடுன்னு நீங்கதான் சொன்னீங்க. நின்னு கூப்பிட்டுப் பாத்ததுக்குப் போன மாசம் மெமோ குடுத்ததும் நீங்கதான்."

"அப்ப இது என்ன?"

மேலாளர் ஒரு தாளைத் தள்ளினார். மூன்று நாளுக்கு முந்தைய தேதி. மாலை 5.52. கஸ்டமர் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஒரே ஓர் எண்: 417.

நடந்தது இதுதான். அது ஆப்பிள் சேமிக்கும் கிடங்கு. அறை நிரம்பியதும் கதவை இறுக மூடி, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிடுவார்கள். பழம் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். மனுஷி அரை நாள்கூடத் தாங்க மாட்டாள். மூன்றாம் அறையை விசிலம்மா 5.52க்கு மூடினார். கடைசி வரிசையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் உள்ளேயே மாட்டிக்கொண்டாள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, வாசலில் தொங்கும் குளிர்கோட்டுகளில் ஒன்று குறைவதை விசிலம்மாவே பார்த்து, கத்திக் கூப்பாடு போட்டுக் கதவைத் திறக்க வைத்தார். அந்தப் பெண் இப்போது ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடக்கிறாள். இன்னும் கண் திறக்கவில்லை.

அவளுடைய நுழைவு எண் 417. அவள் விசிலம்மாவின் ஓரகத்தி. ஒரே வீட்டில் குறுக்குச் சுவர் எழுப்பி ஆளுக்கொரு பக்கம். இரண்டு வருடமாகத் திட்டுவதற்கு மட்டும் வாய் திறப்பார்களாம்.

"ஸ்கிரீன்ல ஒருத்தி உள்ள இருக்கான்னு காட்டியிருக்கு. யாருன்னும் உனக்குத் தெரியும். தெரிஞ்சே பட்டனை அழுத்தின." மேலாளர் மூலையில் இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து. "நாலு மணிக்கு வண்டி வரும். கையெழுத்துப் போட்டாலும் போடலைன்னாலும் கூட்டிட்டுப் போறேன். கொலை முயற்சி."

அவ்வளவு நேரமும் சுவரோரமாக நின்று தாளையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா வாய் திறந்தார்.

"கஸ்டமர்னா என்ன?"

"யாருங்க இவங்க?" என்றார் மேலாளர், பத்தாவது முறையாக.

அக்கா முன்பு பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். செத்துப்போனவருடைய பாஸில் சொந்த இலாகா அதிகாரியே பயணம் போனதைப் பிடித்தார். அதிகாரிக்குப் பதவி உயர்வு. அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். இப்போது ஒரு டயர் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம். நிறுவனம் என்றால் அவரும் நானும் ஒரு மின்விசிறியும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று மூன்று முறை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் பெயரே பட்டதாரி.

விசிலம்மாவின் கணவர் அன்று காலை எங்கள் படியேறி வந்தார். "ஆஸ்பத்திரியில தம்பி பொண்டாட்டி. ஸ்டேஷனுக்குப் போகப் போறது என் பொண்டாட்டி. நான் எந்தப் பக்கம் போய் நிக்கறது?" என்று கேட்டார். அதற்குத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

"அது ஏதோ சாஃப்ட்வேர்ல வர்றது அக்கா. அதை விடுங்க" என்றேன். படித்தவள் நான். எனக்குத் தெரியாதா.

அக்கா விட்டுவிட்டார். விசிலம்மாவின் பக்கம் குனிந்தார்.

"எப்பவுமே வெள்ளையாத்தான் இருக்குமா?"

"இல்லம்மா. காலைல நம்பர் வரும். உள்ள போனா ஏறும், வெளிய வந்தா போயிடும். பத்தரைக்கு மேல ஒண்ணும் வராது. கம்ப்யூட்டர் பாக்கற தம்பிகிட்ட கூடச் சொன்னேன். மத்தியானம் எல்லாரும் சுறுசுறுப்பா வெளிய வந்துடறாங்க போலன்னு சிரிச்சாரு."

"பத்தரைக்கு என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது. சார் ரவுண்டு வருவாரு, போவாரு."

"இன்னைக்கு வந்தாரா?"

"எங்கம்மா வர்றது?" என்று மேலாளரே குறுக்கிட்டார். "காலைலேருந்து போலீஸ், இப்ப நீங்க. ஒரு அறையைக்கூடப் போய்ப் பாக்க முடியல."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். "பட்டதாரி, நீ போய் அந்தத் தம்பியைப் பாரு."

*

அந்தத் தம்பிக்குக் கண்ணாடி அறை. மென்பொருள் அவருடைய பொறுப்பு. மடிக்கணினியைக் குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருந்ததால் அவரை லேப்டாப் என்று மனதுக்குள் பதிந்துகொண்டேன்.

"உங்களுக்கு எஸ்கியூஎல் எல்லாம் தெரியுமா?" என்றார், நிமிராமல்.

"காலேஜ்ல டிஸ்டிங்ஷன்."

பொய் இல்லை. சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டில் பதினேழு கொயரி இருந்தது. கொயரி என்றால் கணினியில் இருக்கும் பட்டியலிடம் கேட்கும் கேள்வி. பதினேழையும் கமா உட்பட மனப்பாடம் செய்தேன். தேர்வில் ஒன்பதாவது வந்தது. எழுதினேன். அது என்ன கேட்கிறது என்று என்னிடம் அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்ஸ்பெக்டர் சொன்னதால தர்றேன்" என்று பென் டிரைவைத் தூக்கிப் போட்டார். விபத்து நடந்த தேதிக்கு இரண்டு பட்டியல்கள். ஒன்று 'உள்ளே': அட்டையைத் தேய்த்து உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் ஒரு புது நுழைவு எண். இன்னொன்று 'வெளியே': அதே எண் வெளியேறிய நேரம். கூடவே ஸ்கிரீனில் ஓடும் கொயரி, நாலு வரி.

மாடிப்படியில் உட்கார்ந்து என் ஓட்டை மடிக்கணினியில் ஏற்றினேன். கொயரியை ஓட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. வெறும் தலைப்பு, கீழே வெள்ளை.

எனக்கு வியர்த்தது. தாளில் 417 இருக்கிறது. எனக்கு வரவில்லை. நான்தான் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன். மறுபடி ஏற்றினேன். மறுபடி வெள்ளை. கல்லூரி லேபில் செய்ததையே இங்கேயும் செய்தேன். இணையத்தில் தேடினேன். முதல் பக்கத்தில், பச்சை டிக் போட்ட ஒரு விடை. யாரோ ஒரு கடைக்காரர் தன் கடையில் ஆர்டரே போடாத வாடிக்கையாளர்களைத் தேடியிருக்கிறார். அதை எடுத்து ஒட்டி, பட்டியல் பெயர்களை மட்டும் மாற்றினேன்.

417.

அப்பாடா என்றிருந்தது. இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

"அக்கா, வந்துடுச்சு. கரெக்டா 417 வருது."

அறையில் எல்லோரும் இருந்தார்கள். நான் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. மேலாளர் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டுக்கங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "எங்க ரிப்போர்ட்டை நம்ப வேணாம். அந்தம்மா புருஷன் பிடிச்சிட்டு வந்த ஆளே சொல்லுது. ஸ்கிரீன்ல 417 இருந்திருக்கு. ரொம்ப தேங்க்ஸ்மா. நல்லாப் படிச்சிருக்க."

விசிலம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

*

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்றாம் அறை வாசலுக்கு வந்தார். ஆணிகளில் வரிசையாக நீலக் குளிர்கோட்டுகள். பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் விசிலம்மாவின் நாற்காலி, அந்தப் பாழாய்ப்போன ஸ்கிரீன்.

"முதல் தடவை ஓட்டினப்ப என்ன வந்துச்சு?"

"அது தப்பா வந்துச்சு அக்கா. நான் சரி பண்ணிட்டேன்."

"என்ன வந்துச்சுன்னு கேட்டேன்."

"ஒண்ணும் வரல. வெள்ளை."

"அது தப்புன்னு யார் சொன்னா?"

"தாள்ல 417னு..."

"தாளைக் குடுத்தது யாரு?"

"மேலாளர்."

"கட்சிக்காரி வெள்ளைன்னு சொல்றா. உன் மிஷினும் வெள்ளைன்னு சொல்லுது. எதிராளி 417னு சொல்றான். நீ எதிராளி விடைக்கு ஏத்த மாதிரி மிஷினைத் திருகியிருக்க. இதுக்கு மூணு வருஷம் படிச்சியா?"

"திருகல அக்கா. அதை விட நல்ல கொயரி..."

"நல்லது கெட்டது யார் கேட்டா? அன்னைக்கு அந்த ஸ்கிரீன்ல ஓடினது எது? அதைப் படி. எனக்குப் புரியற மாதிரி படி. எனக்கு இங்கிலீஷ் வராது, உன் காலேஜும் வராது."

"நாலு வரிதான் அக்கா, அதுல என்ன..."

"அப்ப நாலு வரியையும் சொல்லு."

சொல்ல வரவில்லை. பதினேழு கொயரியை மூச்சுவிடாமல் ஒப்பிக்க வரும். நாலு வரி என்ன கேட்கிறது என்று சொல்ல வரவில்லை. அக்காவின் மேல் எரிச்சலாக வந்தது. பஸ்ஸில் ஓட்டை டிக்கெட் பார்த்தவர் எனக்கு வாத்தியாரா? பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வரியில் விரலை வைத்தேன்.

"நுழைவு எண்ணைக் காட்டு. உள்ளே பட்டியல்லேருந்து எடு. ஆனா எல்லாத்தையும் காட்டாத. வெளியே பட்டியல்ல இருக்கற எண்களுக்குள்ள எது இல்லையோ, அதை மட்டும் காட்டு."

"சரி. 417 வெளியே பட்டியல்ல இருக்கா?"

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். 409, 411, 410, 412... நேரம் 10.34க்கு நேராக ஒரு வரி. எண் இருக்க வேண்டிய இடம் காலி. முன்பே கண்ணில் பட்டது, குப்பை என்று தள்ளிவிட்டேன். அதன் கீழே 413, 415, 416, 414. முடிந்தது.

"இல்லக்கா. 417 இல்லை."

"அப்ப காட்டியிருக்கணுமே. ஏன் காட்டல?"

"தெரியல. நடுவுல ஒரு காலி வரி இருக்கு, எண் இல்லாம."

"எண் இல்லாமன்னா? யாரும் வெளிய வரலையா?"

"வந்திருக்காங்க. நேரம் இருக்கு. யாருன்னுதான் தெரியல."

அக்கா கோட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பஸ்லேருந்து எட்டு பேர் இறங்கறான். ஏழு பேர் மூஞ்சி தெரியுது. ஒருத்தன் துண்டைப் போத்திக்கிட்டு இறங்கறான். 417 இறங்கலைன்னு நீ சத்தியம் பண்ணுவியா?"

"எப்படிப் பண்றது? துண்டு போத்தினது 417ஆகூட இருக்கலாமே."

சொல்லி முடிக்கும்போதே முதுகில் குளிர் ஏறியது. கதவுக்குப் பின்னால் இருந்த குளிர் இல்லை.

"அக்கா. அதேதான். இந்தக் கொயரியும் சத்தியம் பண்ண மாட்டேங்குது." விரலை மறுபடி வரியில் வைத்தேன். "417 அந்தப் பட்டியல்ல இல்லையான்னு ஒவ்வொரு எண்ணா ஒத்துப் பாக்குது. 409 இல்ல, 411 இல்ல. காலி வரிகிட்ட வந்ததும் தெரியலன்னு சொல்லுது. ஒரு தெரியல வந்தாப் போதும், மொத்தமும் தெரியல. தெரியலன்னா காட்டாது. நிச்சயமா இல்லைன்னு தெரிஞ்சாத்தான் காட்டும். 417க்கு மட்டும் இல்லக்கா. யாரா இருந்தாலும் இதே கதைதான். பட்டியல்ல ஒரே ஒரு காலி வரி விழுந்துட்டா, அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அந்த ஸ்கிரீன் யாரையுமே காட்டாது. நூறு பேர் உள்ள இருந்தாலும் வெள்ளைதான்."

"அந்தக் காலி வரி எத்தனை மணிக்கு?"

"10.34."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"மேலாளர் அட்டை தேய்ச்சுப் பாத்திருக்கியா?" என்றார் அக்கா.

"அவர் இடுப்புல சாவிக்கொத்துல்ல தொங்குது."

"கோட்டை எடுத்து மாட்டு. நான் சொல்ற வரைக்கும் வெளிய வராத."

*

மூன்றே முக்கால். எல்லோரையும் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் அக்கா கூட்டிவிட்டார். அந்தப் பெண் விழுந்து கிடந்த இடத்தைப் பார்க்காமல் வழக்கு எழுதினால் கோர்ட்டில் சிரிப்பார்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாராம். போலீஸுக்கு அந்த மாதிரிச் சிரிப்பு பிடிக்காது.

விருந்தாளி அட்டை ஒன்றைத் தேய்த்தேன். கதவு திறந்தது. ஸ்கிரீனில் நுழைவு எண் என்ற தலைப்புக்குக் கீழே 431 என்று விழுந்தது.

"அது என் அசிஸ்டென்ட்" என்றார் அக்கா. "சார், நீங்க இங்கயே நில்லுங்க. கண்ணை ஸ்கிரீனை விட்டு எடுக்காதீங்க. மேலாளர் சார் போய் இடத்தை இந்தப் பொண்ணுக்குக் காட்டட்டும், அது வரைஞ்சுக்கும்."

மேலாளர் சலித்துக்கொண்டே சாவியைப் போட்டுத் திறந்தார். பழக்கம்.

உள்ளே கூரை வரைக்கும் பெட்டிகள். விசிறிகளின் இரைச்சலில் நம் குரலே நமக்குக் கேட்காது. கடைசி வரிசைக்கு வந்ததும் அவர் நின்றார். தரையில் கையுறை ஒன்று கிடந்தது. மூன்று நாளாக யாரும் அதை எடுக்கவில்லை.

"இதான் இடம். வரைஞ்சுக்க."

வரைந்தேன். அவர் என் காதருகே வந்து பேசினார்.

"அப்பா என்ன வேலை பாக்கறாரு?"

"மூட்டை தூக்கறாரு."

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே, எங்க நின்னா வேலை நிலைக்கும்னு. அடுத்த மாசம் இங்க டேட்டா என்ட்ரிக்கு ஆள் எடுக்கறோம். அந்தப் பரிசோதகரம்மா உன்னை எத்தனை நாளைக்கு வெச்சிருப்பாங்க? யோசி."

"யோசிக்கறேன் சார். அந்தக் கையுறையை எடுத்து அவங்க வீட்டுல குடுக்கறதைப் பத்தியும் நீங்க யோசிங்க."

அவர் முகம் சுருங்கியது. திரும்பி விறுவிறுவென்று நடந்தார். கொஞ்ச நேரத்தில் கதவு மூடும் அதிர்வு தரையில் தெரிந்தது. நான் மட்டும் நின்றேன்.

காற்று எடுக்கப்படாத அறைதான். ஆபத்து இல்லை. தெரியும். தெரிந்தும் எண்ண ஆரம்பித்தேன். இந்த இடத்தில்தான் அவள் குனிந்து பெட்டி நகர்த்திக்கொண்டிருந்திருப்பாள். வெளியே ஒரு ஸ்கிரீன் அவளைப் பற்றிக் கேட்டதும் தெரியாது என்று மழுப்பியது. மழுப்பலை யாரும் மழுப்பலாகப் படிக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

நூற்று முப்பது வரை எண்ணியிருப்பேன். கதவு திறந்தது. விசில் சத்தம், விசிறி இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது. விசிலம்மா உள்ளே ஓடி வந்து என் தோளைப் பிடித்தார்.

"வா வெளிய. எவ என்ன சொன்னாலும் நிப்பியா இங்க?"

*

வெளியே வந்தோம். ஸ்கிரீனில் தலைப்பு மட்டும் இருந்தது. கீழே வெள்ளை.

"இவர் சாவியால வெளிய வந்தாரு, 431 காணாமப் போச்சு" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "நீ உள்ளதானேம்மா இருந்த?"

"பேய்க்குக் குளிராது சார். எனக்குப் பல்லு ஆடுது."

"கோட் ஒண்ணு குறையுதுன்னு அந்தம்மா கத்தினாங்க. அதுக்கப்புறந்தான் எனக்கே உறைச்சுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா என்னைத் தள்ளி முன்னால் நிறுத்தினார். "சொல்லு. எனக்குச் சொன்ன மாதிரியே."

சொன்னேன். துண்டு போர்த்தியவன் முதல் தெரியாது வரை. உள்ளிருந்து சாவியால் திறந்தால் கதவு ஒரு வரி எழுதுகிறது, எண் மட்டும் இல்லாமல். அன்றைக்கு 10.34க்கே ஒரு காலி வரி விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஸ்கிரீன் 5.52க்கு 417 என்று காட்டியிருக்கவே முடியாது. வேண்டுமென்றாலும் முடியாது.

"இதெல்லாம் இன்னைக்கு ஸ்கிரீன் கோளாறு" என்றார் மேலாளர். "அன்னைக்கு சரியா ஓடிச்சு. தாள் இருக்கு. உங்க பொண்ணே அதே விடையை எடுத்துக் காட்டிச்சு. எல்லாரும் பாத்தோம்."

"ஆமா, பாத்தோம்" என்றார் அக்கா. "பட்டதாரி, உன் மிஷினைக் கொண்டா."

மேலாளரின் தாளையும் என் திரையையும் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்தார். "இன்ஸ்பெக்டர் சார், எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. தலைப்பை மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

"ஸ்கிரீன்ல நுழைவு எண். தாள்ல கஸ்டமர்." இன்ஸ்பெக்டர் என் திரைக்குக் குனிந்தார். "இதுலயும் கஸ்டமர்."

எனக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது. பட்டியல் பெயர்களை மாற்றினேன். தலைப்பை மாற்றவில்லை. அந்தக் கடைக்காரரின் கஸ்டமர் அப்படியே உட்கார்ந்திருந்தார், என் திரையிலும், அவர்கள் தாளிலும்.

அக்கா லேப்டாப்பின் பக்கம் திரும்பினார். "தம்பி. ஆப்பிள் அடைச்ச அறைக்குள்ள எந்த கஸ்டமர் போனாரு?"

லேப்டாப் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அவர் சொல்ல மாட்டாரு அக்கா. நான் சொல்றேன்." இணையப் பக்கத்தைத் திறந்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். "முதல் பக்கம், பச்சை டிக். ஆர்டர் போடாத கஸ்டமரைக் கண்டுபிடிக்கறது எப்படி. நான் இதைத்தான் காப்பி அடிச்சேன். இவரும் இதையேதான் காப்பி அடிச்சிருக்காரு. ஸ்கிரீன்ல ஓடற கொயரி இந்தத் தலைப்பைப் போடாது. இந்தத் தாள் அந்த ஸ்கிரீன்லேருந்து வரல. பிறகு உக்காந்து சமைச்சது."

"ஏம்ப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் இப்போது சலிப்பு இல்லை.

"மறுநாள் காலைல சார் கூப்பிட்டாரு." லேப்டாப் தரையைப் பார்த்துப் பேசினார். "ஏன் காட்டலைன்னு பாருன்னாரு. பழசை ஓட்டினா வெள்ளையா வந்துச்சு. ஏன்னு புரியல. இதைப் போட்டேன், 417 வந்துச்சு. இதையே பிரின்ட் எடு, கடிகாரத்தை 5.52க்குத் திருப்பி வெச்சு எடுன்னாரு."

"ஸ்கிரீன்ல ஏன் மாத்தல?" என்று கேட்டேன். "சரியா வர்ற கொயரி கையில இருக்கு. மூணு நாளா ஆளுங்க உள்ள போய்க்கிட்டு இருக்காங்க."

"மாத்தினா மாத்தின தேதி பதிவாகும்னு சார்..."

"தேதி பதிவாகும். ஆள் போனா பரவாயில்ல."

அவர் நிமிர்ந்தார். கண்ணில் நீர். "நான் ஒண்ணும் வேணும்னே பண்ணல மேடம். அந்த நாலு வரியும் நான் எழுதினது இல்ல. முன்னாடி இருந்தவர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. ஓடிச்சு, விட்டுட்டேன்."

இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அதனால் இன்னும் கோபம்தான் வந்தது.

மேலாளர் சாவிக்கொத்தைச் சட்டைக்குள் செருகப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். "அதை இங்க குடுங்க. வண்டி நாலு மணிக்கு வருது. அதே வண்டியில நீங்க ரெண்டு பேரும் வாங்க."

"என் மேல என்ன சார் வழக்கு? சாவி வெச்சிருந்ததா?"

"பொய்ச் சாட்சியத்துல ஆரம்பிப்போம். மிச்சத்தை வண்டியில போகும்போது யோசிக்கறேன்." பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "நீ சொன்னதை எழுதிக் குடும்மா. எனக்குப் புரிஞ்சாப் பத்தாது, கோர்ட்டுக்கும் புரியணும்."

கூண்டுக்குள் விசிலம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். எங்கேயும் தேடவில்லை. ஒரு பக்கம்தான் வந்தது. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தேன். பதினேழு கொயரியையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவள் நான்.

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்கு. மத்தது பரவாயில்ல."

"டிஸ்டிங்ஷன் அக்கா."

"வாயை மூடு."

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். விசிலம்மா விரலால் தொட்டுத் தொட்டு ஆணிகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசிக் கோட்டைத் தொட்ட பிறகுதான் கதவைச் சாத்தினார். மேலாளர் எழுதி வைத்திருந்த ஒப்புதல் கடிதம் இன்னும் விசிலம்மாவின் இடுப்பில் மடித்துச் செருகியபடி இருந்தது. அதை எடுத்துச் சுக்கலாகக் கிழித்துக் கூண்டின் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"போகணும். அவ முழிச்சா என்னைத்தான் முதல்ல திட்டுவா."

"என்ன சொல்லுவீங்க?"

விசிலைக் கழற்றி ஸ்கிரீனின் மேல் மாட்டினார். அதன் கயிறு வெள்ளைக்குக் குறுக்கே தொங்கியது.

"நீ உள்ள இருக்கும்போது யாரும் இல்லைன்னு அது சொல்லிச்சு, நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லுவேன். திட்டட்டும்."